ஜிம்மி நின்ற இடத்தில் எல்லாம்

போன வருஷம் கார்த்திகையில் எனக்கு உண்ணிக் காய்ச்சல் வந்தது. விருதம்பட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு காலி மனை. மழைக்கு மண்டிப்போன புதரை ஒரு ஞாயிற்றுக்கிழமை லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நானே வெட்டினேன். பத்து நாள் கழித்து ஜுரம். முதலில் பார்த்த இடத்தில் வைரல் என்று ஐந்து நாள் மாத்திரை கொடுத்தார்கள். மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரி. அங்கே ஒரு டாக்டர் கையைத் தூக்கி அக்குளைப் பார்த்தார். சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுத்த பொருக்கு. வலியே இல்லாததால் எனக்கே அது தெரியாது. அதற்குள் நுரையீரல் வரை போய்விட்டது. ஒன்பது நாள் வென்டிலேட்டர்.

அந்த ஒன்பது நாளில் நான் ஆஸ்பத்திரியில் இல்லை. ராணிப்பேட்டையில் தோல் பதனிடுகிற ஷாப்பில் கணக்கு எழுதுகிறவன் நான். என்னைத் தோலோடு தோலாக டிரம்மில் போட்டுச் சுற்றுகிறார்கள், சுண்ணாம்பு நாற்றம், வெளியே என் மச்சான் விலை பேசிக்கொண்டிருக்கிறான். கனவு என்றால் விழித்ததும் கலையும். இது கலையவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் மச்சான் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு உள்ளே நுழைந்தால் எனக்குக் கை நடுங்கும். இதை யாரிடம் சொல்வது? "பிழைச்சு வந்துட்டே, ஜலகண்டேஸ்வரர் புண்ணியம்" என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். பிழைத்தவன் அழக்கூடாது போலிருக்கிறது. ராத்திரியில் ஃபேன் சுற்றுகிற சத்தம் டிரம் சத்தமாகக் கேட்கும். அணைத்துவிட்டு வேர்வையில் படுத்திருப்பேன். வேலூர் வெயிலில் ஃபேன் இல்லாமல் படுப்பது என்றால் தெரியுமே.

தினமும் நடக்கச் சொன்னார்கள். தெருமுனை வரை போவேன், ஒரு லாரி ஹாரன் அடித்தால் திரும்பிவிடுவேன். ஒரு நாள் அப்படியே கால்வாய்க் கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். டீக்கடைப் பக்கம் திரிகிற செவலை நாய், காதில் கருத்தடை வெட்டு உள்ளது, வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. ஒன்றும் செய்யவில்லை. நான் எழுந்தபோது எழுந்தது. மறுநாளும் கேட்டுக்கு வெளியே நின்றது.

வீட்டில் பெரிய ரகளை. "உண்ணிக் காய்ச்சல் வந்தவரு நாய் வளக்கறதா!" என்றார் மாமியார். நியாயமான பயம்தான். டாக்டரிடமே கேட்டேன். இந்தக் காய்ச்சலைப் பரப்புவது புதரில், எலிகள் மேல் இருக்கிற கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பூச்சிக் குஞ்சு, நாய் மேல் ஊறுகிற உண்ணி வேறு என்றார். அதனாலும் வேறு நோய்கள் வரலாம், மருந்து போடாமல் விடாதீர்கள் என்றும் சொன்னார். கால்நடை மருத்துவமனையில் வெறிநாய்த் தடுப்பூசி, உண்ணி மருந்து எல்லாம் ஆயிற்று. பேர் ஜிம்மி. கழுத்துக்கு மனைவியின் பழைய புடவைக் கரையை முறுக்கிய கயிறு.

ஜிம்மியோடு நடப்பது நடையே இல்லை. ஒவ்வொரு கம்பத்துக்கும் நிற்கும். ஆனால் என் மூச்சுக்கு அந்த வேகம்தான் சரி. நான் இளைப்பாற நிற்பதாக யாருக்கும் தெரியாது, நாய்க்காக நிற்கிறேன். அப்புறம் இன்னொன்று. "இப்ப உடம்பு எப்படி?" என்று கேட்டவர்கள் எல்லாம் "கடிக்குமா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அது எவ்வளவு நிம்மதி!

பாலாற்றுப் பாலத்துக்குப் போகிற வழியில் ஒரு ரிட்டயர்டு மிலிட்டரிக்காரர் வருவார், கையில் ஒரு கிழட்டு லாப்ரடார். நாய்கள் இரண்டும் மோந்து முடிக்கிற வரை நாங்கள் நின்றாக வேண்டும். பைபாஸ் பண்ணியவராம். மூன்றாவது வாரம் என்று நினைக்கிறேன், ஆற்று மணலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஐசியூவுல சுவரெல்லாம் எறும்பு சார். பொண்டாட்டி கிட்டகூடச் சொல்லல." நான் டிரம்மைச் சொன்னேன். மச்சான் விலை பேசியதையும் சொன்னேன். அவர் சிரித்தார். "எவ்வளவுக்கு?" என்றார். அன்றைக்குத்தான் நானும் அதற்குச் சிரித்தேன்.

அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் வாயைத் திறந்தேன். அந்தக் குழப்பத்துக்கு டெலிரியம் என்று பேர், தீவிர சிகிச்சையில் இருப்பவர்களுக்கு சகஜம் என்றார். வீடு திரும்பிய பின் வருகிற பயம், தூக்கமின்மை, ஞாபக மறதி, தசை பலவீனம் எல்லாவற்றையும் சேர்த்து போஸ்ட் இன்டென்சிவ் கேர் சிண்ட்ரோம் என்கிறார்களாம். மனநல டாக்டரிடம் அனுப்பினார், மாத்திரை சாப்பிடுகிறேன். நாய் இருந்தால் மாத்திரை வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு ராத்திரி ரொம்ப மோசமாக இருந்தபோது அரசாங்க மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய்தேன், தமிழிலேயே பேசினார்கள்.

இப்போது பாலம் வரை போய் வருகிறோம். ஃபேன் ஓடுகிறது, இரண்டாம் நம்பரில். திரும்பும்போது மட்டும் ஜிம்மி அந்தக் காலி மனைப் பக்கம் இழுக்கும். புதர் மறுபடியும் இடுப்பு உயரம் வந்துவிட்டது. கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே நிற்பேன். அது ஒரு தடவை புதரைப் பார்க்கும், ஒரு தடவை என்னைப் பார்க்கும், அப்புறம் அங்கேயே உட்கார்ந்து காதைச் சொறியும்.