பேட்டரிப் பட்டறை வேலை: சிறுநீரில் ஈயம் நார்மல் என்று வந்தால் போதுமா?

சேலத்துப்பொண்ணு:
என் வீட்டுக்காரர் பழைய பேட்டரியை உடைத்து பிளேட்டை உருக்கும் பட்டறையில் ஆறு வருஷமாக வேலை பார்க்கிறார். இரண்டு மாதமாக வயிற்று வலி, மலச்சிக்கல், சாயங்காலம் வந்து உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத அளவுக்குச் சோர்வு. ஒரு லேபில் சிறுநீர் கொடுத்துப் பார்த்தோம், ஈயம் நார்மல் என்று வந்தது. பட்டறைக்காரரும் "ஒண்ணும் இல்லையே" என்கிறார். ஆனால் அவர் சட்டையை ஊறவைத்தால் தண்ணீர் சாம்பல் நிறமாகி வாளி அடியில் வண்டல் படிகிறது. வீட்டில் மூன்று வயதுப் பையன், அப்பா வந்ததும் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்வான். இந்த ரிப்போர்ட்டை நம்பலாமா?

லேப்தம்பி:
அதை நம்பி விட்டுவிடாதீங்க அக்கா. ஈயத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது ரத்தம். ரத்தத்தில் இருக்கும் ஈயம் கிட்டத்தட்ட முழுசும் சிவப்பணுக்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும், ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் மிஞ்சுகிற கொஞ்சம்தான் சிறுநீரகம் வழியாக வெளியேறும், அதனால் சிறுநீரில் அளவு ஒரு நாள் போல ஒரு நாள் இருக்காது. நிறைய தண்ணீர் குடித்துவிட்டுக் கொடுத்தால் நீர்த்துப்போய்க் குறைவாகக் காட்டும். சிறுநீர் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் என்ற கழிவோடு ஒப்பிட்டுக் கணக்கிட்டிருக்கிறார்களா என்று ரிப்போர்ட்டில் பாருங்க. பட்டறைக் கையோடு டப்பாவைத் திறந்தால் தூசி விழுந்து கூட்டியும் காட்டிவிடும்.

கை நரம்பில் எடுத்த முழு ரத்தம்தான் வேண்டும், ரத்தம் உறைந்தபின் பிரியும் நீரான சீரம் உதவாது, அதில் சிவப்பணுக்கள் இருக்காது. விரலில் குத்தி எடுத்தால் தோலில் ஒட்டிய தூசியே கலந்துவிடும். குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு போகட்டும்.

பழைய_பட்டறை:
நானும் அதே வேலையில் இருந்தவன் தங்கச்சி. தயவுசெய்து பையனுக்கும் ரத்தம் எடுங்க. ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு (100 மில்லிக்கு) 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொல்லியிருக்கிறது. அதற்குக் கீழே இருந்தால் ஆபத்தில்லை என்று அர்த்தமில்லை. அவர் பட்டறையிலேயே குளித்து மாற்றிக்கொண்டு வரட்டும், அந்தத் துணியை மற்ற துணியோடு போடாதீங்க, வீட்டைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைங்க. ஈய நஞ்சு சட்டப்படி அரசுக்கு அறிவிக்க வேண்டிய தொழில் நோய்ப் பட்டியலில் இருக்கிறது, அதையும் டாக்டரிடம் சொல்லுங்க.

சேலத்துப்பொண்ணு:
ரொம்ப நன்றி அண்ணா, நன்றி தம்பி. இன்னொரு இடத்தில் மாத்திரை கொடுத்துவிட்டுச் சிறுநீர் பார்த்தால் ஒளிந்திருக்கும் ஈயம் தெரியும் என்கிறார்களே, செய்யலாமா?

லேப்தம்பி:
வேண்டவே வேண்டாம். அந்த மாத்திரை ஈயத்தைப் பிடித்து வெளியே தள்ளும், அதைச் சாப்பிட்டால் பட்டறைப் பக்கமே போகாதவருக்கும் சிறுநீரில் அளவு ஏறும். அப்படி ஏறிய எண்ணை, மாத்திரை சாப்பிடாதவர்களுக்கான நார்மல் அளவோடு ஒப்பிட்டுப் பயமுறுத்துவார்கள். அமெரிக்கன் காலேஜ் ஆஃப் மெடிக்கல் டாக்சிகாலஜி என்ற நச்சு மருத்துவ டாக்டர்கள் சங்கம் இந்தச் சோதனையே கூடாது என்று சொல்லியிருக்கிறது. ரத்த அளவு மிக அதிகமாக இருந்து டாக்டர் ஆஸ்பத்திரியில் வைத்து ஈயம் இறக்கும் சிகிச்சை கொடுத்தால், எவ்வளவு வெளியேறுகிறது என்று பார்க்க 24 மணி நேரச் சிறுநீர் சேர்ப்பார்கள். அது வேறு கதை.

அப்புறம், ரத்த ரிப்போர்ட் வந்ததும் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அலகையும் பாருங்க அக்கா. சிறுநீருக்குப் பெரும்பாலும் லிட்டர் கணக்கு, ரத்தத்துக்கு டெசிலிட்டர் கணக்கு. இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிடாதீங்க.

சேலத்துப்பொண்ணு:
சரி தம்பி. நாளைக் காலையில் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போகிறேன். இன்றைக்கே சட்டையை வாசலில் கழற்றச் சொல்லிவிட்டேன்.