புதுப்பிப்பு: எடை குறைக்கச் சமையலறையில் என்ன வாங்கி வைப்பது?

எடை குறைக்கச் சமையலறையில் என்னென்ன வாங்கி வைக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பசிக்கும்போது உடனே எடுத்துச் சாப்பிட ஏதாவது தயாராக இருக்கட்டும் என்ற யோசனைதான் ரொம்பக் கைகொடுத்தது. இப்போது வேகவைத்த கொண்டைக்கடலையும் முட்டையும் ஃபிரிட்ஜில் கண்ணுக்கு நேரான தட்டில் இருக்கின்றன. நறுக்கிய கேரட் மூடி போட்ட டப்பாவில், கொஞ்சம் தண்ணீரோடு. புரதமும் நார்ச்சத்தும் சேர்வதால் பசி தாங்குகிறது. பிஸ்கட் வாங்குவதையே விட்டாயிற்று.

பாதாம் நல்லதுதான், ஆனால் 100 கிராமில் ஏறக்குறைய 580 கலோரி. ஒரு கைப்பிடி எடுத்ததும் மூடி வைத்துவிடுகிறேன். எண்ணெய் கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்து 4தான். அதனால் எண்ணெயை ஸ்பூனால் அளந்தே ஊற்றுகிறேன்.

அப்புறம், உறைந்த பட்டாணி பற்றிக் கேட்டவருக்கு: தாராளமாக வாங்குங்கள், சத்து பெரிதாகக் குறையாது.