செல்சியின் ஆப்பிரிக்கப் பதினொருவர்: சென்டர் பேக்கில் இரண்டாவது ஆள் யார்?

நீலச்சட்டை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ஒரு வாரமாக நானும் என் அக்கா மகனும் ஒரு நோட்டில் எழுதுவதும் அழிப்பதுமாக இருக்கிறோம். லண்டன் கால்பந்து கிளப்பான செல்சிக்கு ஆடிய ஆப்பிரிக்க வீரர்களை மட்டும் வைத்து, எல்லாக் காலத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு பதினொருவர் அணி. பத்து இடம் முடிந்துவிட்டது. பின்வரிசையின் நடுவில் நிற்கும் சென்டர் பேக்கில் ஓர் இடம் மட்டும் காலியாகக் கிடக்கிறது. அதற்காகத்தான் உங்களிடம் வந்தேன்.

முதலில் எங்கள் விதி. ஆப்பிரிக்க நாடு ஒன்றின் தேசிய அணிக்கு ஆடியிருக்க வேண்டும். பிறந்த ஊர் கணக்கில் இல்லை. எட்வார்ட் மெண்டி பிரான்ஸில் பிறந்தவர், செனகலுக்கு ஆடினார், அதனால் உண்டு. மார்செல் டெசாயி கானாவின் அக்ராவில் பிறந்தவர், பிரான்ஸுக்கு ஆடினார், அதனால் இல்லை. கின்ஷாசாவில் பிறந்த மக்கலேலேயும் அப்படித்தான்.

இந்த விதியை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் மைக்கேல் எஸ்ஸியன். 2008 செப்டம்பரில் லிபியாவுக்கு எதிராகக் கானா ஆடிய உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டத்தில் அவர் முழங்கால் போனது. ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். 2009 மே மாதம் பார்சிலோனாவுக்கு எதிராக பந்து தரையில் படும் முன்பே இடது காலால் அந்த வாலியை அடித்தார். பந்து குறுக்குக் கம்பத்தின் அடியில் பட்டு உள்ளே போனதை இன்னும் எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்ப்பேன். அடுத்த ஜனவரியில் ஆப்பிரிக்கக் கோப்பைக்காக அங்கோலா போனார், மறுபடியும் முழங்கால். தன் கண்டத்தில் முதல் முறையாக நடந்த 2010 உலகக் கோப்பையில் அவரால் ஆட முடியவில்லை. கானா கால் இறுதி வரை போனது, அவர் இல்லாமல். தன் நாட்டுச் சட்டைக்காக இவ்வளவு இழந்த ஒருவரையும், வேறு நாட்டுக்கு ஆடிய ஒருவரையும் ஒரே பட்டியலில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

இப்போதைக்கு அணி இது. 4-4-2, அதாவது பின்னால் நான்கு பேர், நடுவில் நான்கு பேர், முன்னால் இரண்டு பேர். கோலில் மெண்டி. ரைட் பேக் ஜெரெமி, லெஃப்ட் பேக் பாபயாரோ. சென்டர் பேக் கூலிபாலி. நடுவில் எஸ்ஸியன், மிக்கெல். வலது ஓரம் சியேச், இடது ஓரம் காலு. முன்னால் த்ரோக்பா, எட்டோ.

த்ரோக்பாவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2012 பிப்ரவரியில் லிப்ரவில்லில் ஆப்பிரிக்கக் கோப்பை இறுதி ஆட்டம். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே கிடைத்த பெனால்ட்டியை கம்பத்துக்கு மேலே அடித்துவிட்டார். பிறகு பெனால்ட்டி ஷூட்டவுட்டில் ஜாம்பியாவிடம் ஐவரி கோஸ்ட் தோற்றது. மூன்று மாதம் கழித்து மியூனிக்கில் பேயர்னுக்கு எதிராகச் செல்சியின் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். நான் அப்போது கல்லூரி விடுதியில் இருந்தேன். நமக்கு நள்ளிரவு 12.15க்குத் தொடங்கிய ஆட்டம். 83ஆவது நிமிடத்தில் முல்லர் கோல் போட்டதும் டிவி அறையில் இருந்தவர்களில் பாதிப் பேர் படுக்கப் போய்விட்டார்கள். 88ஆவது நிமிடத்தில் செல்சிக்கு அந்த ஆட்டத்தின் முதல் கார்னர். மாட்டா தூக்கிப் போட்டார், த்ரோக்பா தலையால் இடித்தார். நாங்கள் போட்ட சத்தத்தில் படுக்கப் போனவர்கள் எல்லாரும் போர்வையோடு ஓடி வந்தார்கள். கடைசிப் பெனால்ட்டிக்கு அவர் நடந்து வந்தபோது எனக்கு லிப்ரவில் ஞாபகம் வந்து கை நடுங்கியது. அவர் கால் நடுங்கவில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். கூலிபாலி செல்சியில் ஒரே ஒரு சீசன்தான் இருந்தார், அதுவும் அணி 12ஆம் இடத்தில் முடித்த சீசன். ஆனாலும் அந்த இடத்தில் அவரை விட்டால் வேறு ஆள் இல்லை. அவர் பக்கத்தில் யார்? எஸ்ஸியன் 2006-07 சீசனில் சென்டர் பேக்காக ஆடியிருக்கிறார், அவரையே பின்னால் இறக்கிவிடலாம் என்று நினைக்கிறேன். ஜெரெமி நடுவுக்கு வருவார், விக்டர் மோசஸ் ரைட் பேக். உங்கள் கருத்து என்ன?


பழைய வெம்ப்ளி எழுதியது:

தம்பி, உங்கள் காரணம் மனதைத் தொட்டது. ஆனால் விதியோடு எனக்கு உடன்பாடு இல்லை.

டெசாயி நான்கு வயதில் கானாவை விட்டுப் போனவர். எந்த நாட்டுக்கு ஆடுவது என்பதை அந்த வயதில் போன பையன் முடிவு செய்யவில்லை, வாழ்க்கை முடிவு செய்தது. 1998இல் மிலானிலிருந்து வந்து ஆறு வருடம் செல்சியின் பின்வரிசையைக் கட்டிக் காத்தார், டென்னிஸ் வைஸ் போன பிறகு கேப்டனாகவும் இருந்தார். அவரை வெளியே நிறுத்திவிட்டு அந்த இடத்துக்கு ஆள் தேடுவது, கிணற்றடியில் நின்றுகொண்டு தண்ணீர் தேடுவது மாதிரி இருக்கிறது.

அது போகட்டும், உங்கள் அணி, உங்கள் விதி. ஆனால் பாபயாரோவை ஒரு பெயராக மட்டும் எழுதிவிட்டுப் போய்விட்டீர்களே. 1996 ஒலிம்பிக்கில் நைஜீரியாவுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்த அணியில் இருந்தவர். மறு வருடமே ஆண்டர்லெக்ட்டிலிருந்து செல்சிக்கு வந்தார், 2005 ஜனவரி வரை இருந்தார். 2003இல் கிளப்பை வாங்கிய ரோமான் அப்ரமோவிச்சின் பணம் வருவதற்கு முந்தைய செல்சியைப் பார்த்தவர்களுக்கு அவர் அருமை தெரியும்.

இன்னொருவரை உங்கள் பட்டியலில் காணவே இல்லை. ஜார்ஜ் வேயா. 2000 ஜனவரியில் மிலானிலிருந்து கடனாக வந்தார். வந்த கையோடு டாட்டன்ஹாமுக்கு எதிராக மாற்று ஆளாக இறங்கி, ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் தலையால் இடித்துக் கோல் போட்டார், 1-0. அந்த மே மாதம் பழைய வெம்ப்ளி மைதானத்தில் நடந்த கடைசி எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் அவரும் பாபயாரோவும் முதல் பதினொருவரில் இருந்தார்கள். கோல் போட்டவர் டி மட்டேயோ. உங்கள் மியூனிக் இரவில் பயிற்சியாளராக நின்றவரும் அவர்தான். வேயாவுக்கு ஆறு மாதம் போதாது என்றால் முதல் பதினொருவரில் வேண்டாம், பெஞ்சிலாவது உட்கார வையுங்கள். சிறந்த வீரருக்கான பலோன் டோர் விருதை ஆப்பிரிக்காவிலிருந்து வாங்கிய ஒரே மனிதர் அவர்.


நடுக்களம் எழுதியது:

விதியை மாற்றாதீர்கள். மாற்றினால் காங்கோவில் பிறந்து போர்ச்சுகலுக்கு ஆடிய போசிங்வாவையும் உள்ளே விட வேண்டும், அப்புறம் ஜெரெமிக்கும் மோசஸுக்கும் வேலை இருக்காது.

எஸ்ஸியனைப் பின்னால் இறக்குவதைத்தான் நான் எதிர்க்கிறேன். அவரை எங்கே போட்டாலும் ஆடுவார் என்பது உண்மை, அதனாலேயே எல்லாரும் அவரை ஓட்டை அடைக்கப் பயன்படுத்தினார்கள். 2008இல் மாஸ்கோவில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் ரைட் பேக்காக நிறுத்தினார்கள். ரொனால்டோ அவர் தலைக்கு மேலே எழும்பி கோல் போட்டார். ஆனால் அதே ஆட்டத்தில் லாம்பார்டின் சமன் கோல் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். எஸ்ஸியன் முன்னேறி வந்து தூரத்திலிருந்து அடித்த அடி, யார் மீதோ பட்டுத் திரும்பி லாம்பார்டிடம் போனது. 2006 டிசம்பரில் ஆர்சனலுக்கு எதிராக 84ஆவது நிமிடத்தில் காலின் வெளிப்புறத்தால் வளைத்து அடித்த கோலும் நடுவில் நின்றவர் அடித்ததுதான். அந்த மனிதரைப் பெனால்ட்டி பாக்ஸுக்குள் கட்டிப் போட்டால் பாதி எஸ்ஸியன்தான் கிடைப்பார்.

மிக்கெலை இறக்குங்கள். அவர் 372 ஆட்டங்கள் ஆடி ஆறே கோல் போட்டவர், முன்னால் போகாததால் நஷ்டமில்லை. மியூனிக்கில் நீங்கள் த்ரோக்பாவைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள். நான் அந்த ஆட்டத்தை மறுபடி போட்டு மிக்கெலை மட்டும் பார்த்தேன். இரண்டு சென்டர் பேக்குகளுக்கு முன்னால் நின்று, பந்து வரும் வழியை முன்கூட்டியே பார்த்துக் காலை வைத்துக்கொண்டே இருந்தார். அங்கிருந்து பத்து அடி பின்னால் நிற்க அவருக்குக் கஷ்டம் இருக்காது. உயரம் உண்டு. பந்து காலில் இருக்கும்போது பதற்றம் கிடையாது. கூலிபாலி முன்னே பாய்ந்து மோதுகிற ஆள், பின்னால் நிதானமாக ஒருவர் வேண்டும்.


ஆதிரை எழுதியது:

மிக்கெலுக்கு என் ஓட்டும். ஆனால் நான் மோசஸுக்காக எழுத வந்தேன். அவர் பெயரை ஓட்டை அடைக்கிற மாதிரி கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். லிவர்பூல், ஸ்டோக், வெஸ்ட் ஹாம் என்று மூன்று வருடம் கடனாக அலைந்தவர். 2016 செப்டம்பரில் ஆர்சனலிடம் 3-0 என்று தோற்றதும் பயிற்சியாளர் கோன்டே ஆட்ட முறையையே மாற்றினார், விங்கராக இருந்தவரை, ஓரத்தில் முன்னும் பின்னும் ஓடி ஆடுகிற வலது விங் பேக்காக நிறுத்தினார். தொடர்ந்து 13 லீக் வெற்றிகள், சீசன் முடிவில் பட்டம். ஜெரெமியை நடுவுக்கு அனுப்ப வேண்டியிருந்தாலும் இல்லாவிட்டாலும் மோசஸ்தான் ரைட் பேக் என்பது என் கட்சி.

அப்புறம், எகிப்தின் சலா எங்கே? பெஞ்சில் கூடவா இல்லை?


நீலச்சட்டை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு மருமகனோடு உட்கார்ந்து நடுக்களம் சொன்னபடி மியூனிக் ஆட்டத்தை மிக்கெலை மட்டும் கவனித்துப் பார்த்தோம். கூடுதல் நேரம் வருவதற்குள் நான் மாறிவிட்டேன். இத்தனை வருடம் அந்த இரவை ஒரு தலையடியாகவும் ஒரு பெனால்ட்டியாகவும் மட்டுமே நினைத்து வைத்திருந்திருக்கிறேன்.

ஆதிரை, சலாவுக்காக வீட்டில் பெரிய போராட்டமே நடந்தது. மருமகனுக்கு அவர்தான் உயிர். செல்சியில் அவர் ஆடியது 19 ஆட்டம், போட்டது 2 கோல். லிவர்பூல் சலாவை நாம் கடன் வாங்க முடியாது என்று சொன்னேன். அப்படியானால் நாப்போலி கூலிபாலியை மட்டும் எப்படி எடுத்தீர்கள் மாமா என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. சலா பெஞ்சுக்கு வருகிறார், வேயா பக்கத்தில். வலது ஓரத்தில் சியேச்சே இருக்கட்டும், 2021 எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் மான்செஸ்டர் சிட்டியை வெளியே அனுப்பிய கோல் அவருடையது.

பழைய வெம்ப்ளி அண்ணா, டெசாயி பற்றி நீங்கள் சொன்ன நான்கு வயது விஷயம் மனதிலேயே நிற்கிறது. ஆனாலும் விதியை மாற்றவில்லை. அவருக்கும் மக்கலேலேவுக்கும் நோட்டில் தனிப் பக்கம் ஒன்று திறந்திருக்கிறோம்.

மெண்டி. மோசஸ், கூலிபாலி, மிக்கெல், பாபயாரோ. சியேச், எஸ்ஸியன், ஜெரெமி, காலு. த்ரோக்பா, எட்டோ. இந்த முறை மருமகன் பேனாவால் எழுதிவிட்டான்.