‘ச்வாகா’ வெறும் சத்தமா?

மொழிக்கிறுக்கி:
நேற்று வேறொரு திரியில் பனங்காடன் ஐயா எழுதியது: “தென்னாப்பிரிக்காவின் சோசா மொழியில் ஒலிக்குறிப்புச் சொற்கள் இலக்கணத்துக்கு வெளியே கிடக்கும் சத்தங்கள்.” படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ‘வாத்தி ச்வாகா’ என்றால் ‘கப்சிப் என்று ஆனான்’. அமைதியைக் குறிக்கும் சொல் எப்படி ஐயா சத்தமாகும்? சோசா சேர்ந்த பாண்டு மொழிக் குடும்பத்துக்கு இதைத் தனிச் சொல்வகையாக மொழியியலாளர் டோக் 1935இலேயே வரையறுத்துவிட்டார். ஓசை மட்டுமில்லை, நிறம், மணம், நிலை எல்லாம் அதில் அடக்கம்.

பனங்காடன்:
டோக் இருக்கட்டும். ச்வாகாவுக்கு முன்னால் வரும் வினை ‘உகுத்தி’, அதாவது சொல்லுதல். உங்கள் ‘வாத்தி’யும் அதன் வடிவம்தான். இப்போது நடந்தால் ‘உத்தி ச்வாகா’. சற்றுமுன் என்றால் ‘உத்தே ச்வாகா’. பலர் என்றால் ‘பாத்தே ச்வாகா’. காலம், ஆள், எண் எல்லாவற்றையும் சுமப்பது அந்த வினை. ச்வாகா இம்மியாவது அசைந்ததா? ச்வாகாவில் காலம் காட்டுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

அரைடிக்கெட்:
வாத்தி வந்தால் வகுப்பு கப்சிப். இதற்கு ஆப்பிரிக்கா வரைக்கும் போகணுமா?

மொழிக்கிறுக்கி:
‘மெல்ல’ காலம் காட்டுமா? அதையும் துரத்திவிட்டீர்களா? ‘போம்வு க்ர்வே’ என்றால் செக்கச்செவேல். உகுத்தியே இல்லாமல் நிறச்சொல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

பனங்காடன்:
நிற்கிறது. அசையவில்லை. அதைத்தானே நானும் சொல்கிறேன்?

கடலூரான்77:
எல்லாம் இங்கிருந்து போனதுதான். ‘சடாரென்று’ என்பதில் ‘என்’ என்றால் சொல். வினை, குறிப்பு, இசை, பண்பு எல்லாவற்றோடும் ‘என’ வரும் என்று தொல்காப்பியமே சொல்கிறது.

மொழிக்கிறுக்கி:
அண்ணே, அமைப்பு ஒத்துப்போகிறது, சரி. அதற்காகப் பாண்டு மொழிகள் நம் பங்காளி ஆகிவிடாது.

கடலூரான்77:
தமிழ் என்றாலே சிலருக்குக் கசக்கும்.

பனங்காடன்:
அவருக்குப் பதில் வந்துவிட்டது. எனக்கு? போன வருடம் சந்தி விவாதத்திலும் அம்மணி இப்படித்தான் நழுவினார்.

மொழிக்கிறுக்கி:
நழுவியது யார் என்று அந்தத் திரியிலேயே இருக்கிறது. இதைக் கேளுங்கள்: ‘க்காவு’ என்பது கயிறு பட்டென்று அறும் குறிப்பு. அதிலிருந்து ‘க்காவூகா’ என்றால் அறுந்துபோவது, ‘க்காவூலா’ என்றால் அறுப்பது. வெறும் சத்தத்திலிருந்து வினை முளைக்குமா?

பனங்காடன்:
முளைத்த பிறகு அது வினை. முளைக்கும் முன்? அப்புறம், ச்வாகாவுக்கு ‘ச்’ போட்டதே தப்பு. ‘ஐயோ பாவம்’ என்று நாம் உச்சுக் கொட்டுகிறோமே, அந்த ஒலி அது.

அரைடிக்கெட்:
அப்படியானால் எங்கள் அப்பாயி நாள் முழுக்க சோசாதான் பேசியிருக்கிறார்.

மொழிக்கிறுக்கி:
நீங்களும்தான் ‘ச்’ போட்டு எழுதினீர்கள்!

பனங்காடன்:
உங்களுக்குப் புரியட்டும் என்று போட்டேன். ச்வாகாவின் காலம் எங்கே?

(ஒரு மணி நேரம் கழித்து)

பனங்காடன்:
உத்தே ச்வாகா.

மொழிக்கிறுக்கி:
சாப்பிடப் போயிருந்தேன்! நான் பேசாமல் இருந்ததை இப்போது எந்தச் சொல்லால் சொன்னீர்கள்? உத்தேயாலா, ச்வாகாவாலா?

பனங்காடன்:
காலம் எங்கே, அம்மணி?