ஜோகூர் ஆற்றுப் பக்கம் ஒரு புதன்கிழமை: 150 சிசி பைக்கில் போய்வர முடியுமா?

ஈசூன்150:
வணக்கம். வரும் புதன்கிழமை லீவு. வண்டி 150 சிசி, லைசென்ஸ் 2பி (200 சிசி வரை ஓட்டலாம்). பின்னால் மனைவியும் வருகிறார். சிங்கப்பூரிலிருந்து உட்லண்ட்ஸ் வழியாக மலேசியாவுக்குள் போய் கோத்தா திங்கி, பழைய கோட்டை இருந்த ஜோகூர் லாமா இரண்டையும் பார்த்துவிட்டு மாலை 6 மணிக்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். ஆற்றை ஒட்டியே போகிற சாலை இருக்கிறதா? செனாய்–டெசாரு நெடுஞ்சாலையா, பழைய சாலையா? காலையில் சிங்கப்பூர்–ஜோகூர் கடற்பாலத்தில் மாட்டிக்கொள்வோமா? வண்டியில் என்ன பார்க்க வேண்டும்?

பழையசாலை:
ஆற்றை ஒட்டிய சாலை என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். கோத்தா திங்கியிலிருந்து தெற்கே இறங்கும் 92ஆம் எண் சாலை ஆற்றைவிட்டு நன்றாகவே விலகி, செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டங்களுக்குள் போகிறது. ஆற்றைப் பார்க்க வேண்டுமென்றால் மூன்று இடத்தில் வண்டியைத் திருப்பியே ஆக வேண்டும்: கோத்தா திங்கி ஊருக்குள், ஜோகூர் லாமா, தெலுக் செங்காட்.

கடற்பாலத்துக்குப் பயப்பட வேண்டாம். வாரநாள் காலையில் பைக் வெள்ளம் ஜேபியிலிருந்து (ஜோகூர் பாரு) இங்கே வருகிறது. நீங்கள் அதற்கு எதிர்த்திசை. மாலையிலும் அப்படியே. வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், பிற்பகலிலேயே இங்கிருந்து கார் கூட்டம் கிளம்பிவிடும். இன்னொன்று, ஜோகூரில் 2025 ஜனவரி 1 முதல் வார விடுமுறை சனி, ஞாயிறாக மாறிவிட்டது. ஞாயிறு அங்கே வேலை நாள், சாலை காலியாக இருக்கும் என்ற பழைய கணக்கு இனி எடுபடாது.

வழி: ஜேபி சோதனைச்சாவடி தாண்டியதும் கோத்தா திங்கி, மெர்சிங் பலகைகளைப் பிடியுங்கள். 3ஆம் எண் கூட்டரசுச் சாலை, உலு திராம் வழியாகச் சுமார் 42 கி.மீ. உலு திராம் வரை சிக்னலும் கடைத்தெருவுமாக இழுக்கும். அதற்கப்புறம்தான் கைக்கு வேலை குறையும். கோத்தா திங்கியில் சுங்கை ரெங்கிட் பலகையைப் பார்த்து 92இல் ஏறுங்கள். ஜோகூர் லாமா, தெலுக் செங்காட் இரண்டுமே வலப்பக்கத் திருப்பம். இங்கேதான் கவனம். பின்னால் பாரம் ஏற்றிய லோரி வந்துகொண்டிருக்கும்போது சாலை நடுவில் நின்று எதிர்வண்டிக்குக் காத்திருக்காதீர்கள். இடது ஓரத்தில் ஒதுங்கி, லோரியைப் போகவிட்டு, இரண்டு பக்கமும் காலியானதும் திரும்புங்கள். அரை நிமிடம் போனால் போகட்டும்.

போக வர எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 170 கி.மீ. காலை 7 மணிக்குக் கிளம்பினால் நிதானமாகவே முடியும். வெயில்தான் தொல்லை: போகும்போது வடகிழக்கு, வரும்போது தென்மேற்கு, ஆக இரண்டு வேளையும் சூரியன் முகத்தில்தான். கறுப்பு வைசர் மட்டும் மாட்டிக்கொண்டு போனால் மழை இருட்டில் ஒன்றும் தெரியாது. உள்ளே இறக்கும் சன் வைசர் உள்ள ஹெல்மெட் உத்தமம்.

செனாய்–டெசாரு நெடுஞ்சாலையில் ஜோகூர் ஆற்றுப் பாலம் மட்டும் பார்க்க வேண்டியது. 1.7 கி.மீ. நீளம், நடுவே இரு தூண்களுக்கு இடைப்பட்ட தூரம் 500 மீட்டர். ஆனால் அதன்மேல் நிறுத்த முடியாது. குறுக்குக் காற்று வேறு, ஆள் ஏற்றிய 150 சிசியைப் பக்கவாட்டில் தள்ளும். பழைய சாலையே என் ஓட்டு.

செயின்லூப்:
வண்டி விஷயம். இரண்டு பேர் உட்காருவதால் பின் டயர்க் காற்றைத் தனி ஆள் அளவில் விடாதீர்கள். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருவருக்கான அளவு தனியாக இருக்கும். காலையில் டயர் சூடேறுவதற்கு முன் அதன்படி அடியுங்கள். பின் சஸ்பென்ஷன் ப்ரீலோடை (ஸ்பிரிங் இறுக்கம்) ஒரு படி ஏற்றுங்கள். ஏற்றாவிட்டால் வண்டி பின்பக்கம் அமுங்கி, ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், முன்சக்கரப் பிடிப்பும் குறையும். செயின் தளர்வை மனைவியும் உட்கார்ந்த நிலையில் ஒருமுறை பாருங்கள். காலி வண்டியில் சரியாக இருப்பது ஆள் ஏறியதும் விறைத்துவிடலாம்.

டியூப்லெஸ் டயர் என்றால் பிளக் கிட், சிறிய பம்ப் போதும். டியூப் டயர் என்றால் மாற்று டியூப் ஒன்று பையில் இருக்கட்டும். ஜோகூர் லாமா போகும் கிளைச் சாலையில் பஞ்சர் கடையை நம்ப முடியாது.

பெட்ரோலை இங்கேயே நிரப்பிவிட்டால் 170 கி.மீ.க்குத் தாராளம். அங்கே அடிப்பதானால் ரோன் 97 மட்டும். மஞ்சள் குழாயில் வரும் ரோன் 95 சிங்கப்பூர்ப் பதிவு வண்டிகளுக்கு 2010 முதலே தடை.

தாள்கள்: இருவரின் பாஸ்போர்ட், லைசென்ஸ், காப்புறுதிச் சான்றிதழ். இருவரில் யாராவது சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை இரண்டும் இல்லாதவர் என்றால் (சிங்கப்பூர் நிரந்தரவாசியும் சேர்த்தி) மலேசிய மின்னிலக்க வருகை அட்டையைப் போவதற்கு முந்தைய 3 நாளுக்குள் நிரப்ப வேண்டும். சாவடிக்கு வந்து வரிசையில் நின்றபடி ஈரக் கையுறையோடு அதை நிரப்புவது பெரிய பாடு.

கோட்டைமேடு:
எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று தெரிந்தால்தான் ஜோகூர் லாமா ருசிக்கும். கல் கோட்டை, கொத்தளம் எல்லாம் இருக்காது. புல் மூடிய மண் கரைகள்தான். பலர் "இதற்கா இவ்வளவு தூரம்?" என்று அப்படியே திரும்பிவிடுகிறார்கள். கரை மேலே ஏறி நின்று ஆற்றைப் பாருங்கள். எந்தக் கப்பல் உள்ளே வந்தாலும் இங்கிருந்து தெரியும். அதற்காகவே இந்த இடம். மலாக்காவை இழந்த அரச வம்சம் 16ஆம் நூற்றாண்டில் இங்கே தலைநகர் வைத்தது. 1587இல் போர்ச்சுகீசியர் ஆற்று வழியாகவே வந்து அழித்தார்கள். பிறகு தலைநகர் மேலாற்றுக்கு, பத்து சாவாருக்குப் போனது.

கோத்தா திங்கி பக்கம் கம்போங் மாக்காமில் சுல்தான் மஹ்மூத் கல்லறை. 1699இல் பல்லக்கில் போகும்போது கொல்லப்பட்டவர். கருவுற்ற மனைவி ஒரு சுளை பலாப்பழம் தின்றதற்காகக் கொல்லப்பட்டதால் கணவன் பழிதீர்த்தான் என்பது மக்கள் சொல்லும் கதை. முழங்கால் மறையும் உடை, செருப்பு வெளியே. ரைடிங் பூட்ஸ் என்றால் கழற்றி மாட்டவே பத்து நிமிடம், அதையும் நேரக் கணக்கில் சேருங்கள்.

இந்த ஆற்றுத் தண்ணீர் நம் சிங்கப்பூர் வீட்டுக் குழாய்க்கும் வருவதுதான். 1962 ஒப்பந்தப்படி 2061 வரை இந்த ஆற்றிலிருந்து நாளுக்கு 25 கோடி கேலன் வரை எடுக்கலாம்.

ஈசூன்150:
மிக்க நன்றி. ஒரே ஒரு சந்தேகம். மேப் 92இலிருந்து ஜோகூர் லாமாவுக்குத் தோட்டத்துக்குள்ளே ஒரு குறுக்கு வழி காட்டுகிறதே?

பழையசாலை:
அது எஸ்டேட் செம்மண் பாதை, தொடாதீர்கள். காய்ந்திருந்தால் புழுதியோடு போகும். முதல் நாள் மழை பெய்திருந்தால் மண் டயர்ப் பட்டை முழுவதும் அப்பி, முன் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே அடைத்து, சக்கரமே சுற்றாமல் நிற்கும். அப்புறம் குச்சி வைத்துத் தோண்ட வேண்டியதுதான்.

தார்ச் சாலையிலும் செம்பனை ஆலை முகப்பு வந்தால் வேகத்தைக் குறையுங்கள். லோரியிலிருந்து உதிர்ந்த பழம் நசுங்கி எண்ணெயாகக் கிடக்கும், பெரும்பாலும் வளைவில்தான். அதன்மேல் வண்டியைச் சாய்க்காமல், பிரேக் தொடாமல், நேராகக் கடந்துவிடுங்கள். குலை ஏற்றிய லோரிக்கு நேர் பின்னால் போகவே போகாதீர்கள். ஒரு குலையே 20 கிலோ இருக்கும். பிற்பகல் 2 மணிக்கு மேல் இடிமழை கட்டும், அதனால் தெலுக் செங்காட்டில் மீன் சாப்பாட்டை 12 மணிக்கே முடித்துக்கொள்ளுங்கள்.