லீஸுக்குக் கொடுத்த 7 லட்சம்: இது 420-ல் வருமா, சிவில் கேஸா?

குரோம்பேட்டைக்காரன்:
அண்ணனுக்காகக் கேட்கிறேன். 2024 பிப்ரவரியில் ஒரு ஆளிடம் 7 லட்சம் கொடுத்து லீஸுக்கு வீடு எடுத்தார். ஓனர் துபாயில் இருக்கிறார், பவர் (ஓனர் சார்பில் வீட்டைக் கையாளும் அதிகாரப் பத்திரம்) என் பேரில்தான் இருக்கிறது என்று சொல்லி அந்த ஆளே 20 ரூபாய் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். 5 லட்சம் பேங்கில் அனுப்பியது, 2 லட்சம் கையில். போன மாதம் ஒரு பெரியவர் கதவைத் தட்டி, "நாலு மாசமா வாடகை வரல, நீங்க யாரு?" என்கிறார். அவர்தான் ஓனராம். துபாயும் இல்லை, ஒன்றும் இல்லை, நாலு தெரு தள்ளி இருக்கிறார்! இவன் அவரிடம் மாத வாடகைக்கு எடுத்து எங்களுக்கு லீஸுக்கு விட்டிருக்கிறான். ஸ்டேஷனில் "அக்ரிமெண்ட் இருக்குல்ல, கோர்ட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அவனோ "தரமாட்டேன்னு சொன்னேனா? டைம் குடுங்க" என்கிறான். கேஸ் போட முடியுமா முடியாதா?

செங்கை வக்கீல்:
முடியும். அக்ரிமெண்ட் இருந்தால் சிவில் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஏமாற்றும் எண்ணம் எப்போது வந்தது என்பதுதான் கேள்வி. நண்பர் கடை வைக்கக் கைமாற்று வாங்குகிறார், கடை படுத்துவிடுகிறது, தர முடியவில்லை; அது கடன், 420 ஆகாது. வாங்கும்போதே பொய் சொல்லி, அந்தப் பொய்யை நம்பி நீங்கள் பணத்தை எடுத்துக் கொடுத்திருந்தால் அது மோசடி. உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதைத்தான். உங்கள் விஷயத்தில் பவர் இருக்கிறது என்று சொன்னானே, அது இல்லாவிட்டால் அண்ணன் ஒரு ரூபாயாவது கொடுத்திருப்பாரா? அப்புறம், பணம் கைமாறியது புதிய சட்டம் அமலுக்கு வந்த 2024 ஜூலை 1-க்கு முன்னால் என்பதால் பழைய இ.பி.கோ. 420-தான் வரும், புதிய பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 318(4) அல்ல. இரண்டிலும் 7 வருடம் வரை சிறை, அபராதம். பவர் பத்திரம் என்று ஏதாவது காகிதம் காட்டினானா? அது போலி என்றால் வேறு பிரிவுகளும் சேரும்.

மேடவாக்கம் அக்கா:
எங்களுக்கும் இதே மாதிரி நடந்தது, அதனால் ஒன்று சொல்கிறேன். நாங்கள் எழுதிக் கொடுத்த முதல் மனுவில் மூன்று பக்கமும் "பணத்தைத் திருப்பித் தரவில்லை, கேட்டால் அலைக்கழிக்கிறார்" என்றே இருந்தது. யார் படித்தாலும் கடன் தகராறு என்றுதான் நினைப்பார்கள். அப்புறம் வக்கீல் குமாஸ்தா ஒருவர் உட்கார்ந்து முதல் வரியையே மாற்றினார்: இந்தத் தேதியில், இந்த இடத்தில், இன்னார் முன்னிலையில், தனக்கு அதிகாரம் இருப்பதாகப் பொய் சொன்னார், அதை நம்பி இவ்வளவு கொடுத்தேன். தரவில்லை என்பது கடைசிப் பத்தியில் ஒரே வரி. அதற்கப்புறம்தான் எஃப்.ஐ.ஆர். ஆனது தம்பி. வாட்ஸ்அப்பில் அவன் பவர் பற்றி எழுதிய மெசேஜ் இருந்தால் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, அந்த போனையே பத்திரமாக வையுங்கள், எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள் (நாங்கள் போட்டோம்).

சும்மா ஒரு ஆள்:
எஃப்.ஐ.ஆர். போட்டால் பணம் வந்துவிடுமா? பணம் வசூல் பண்ணித் தருவது போலீஸ் வேலை இல்லை என்று கோர்ட்டே பல முறை சொல்லியாகிவிட்டது. கைதும் உடனே நடக்காது, 7 வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களுக்கு பொதுவாக முதலில் நோட்டீஸ்தான், 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பணம் வேண்டும் என்றால் சிவில் சூட்டும் போடுங்கள், அதற்குப் பொதுவாக 3 வருடக் கெடு உண்டு.

செங்கை வக்கீல்:
மேலே சொன்னவர் சொல்வது சரிதான், இரண்டையும் சேர்த்தே நடத்தலாம். ஆனால் முன்ஜாமீன் கேட்டு ஓடும் கட்டத்தில்தான் பல பேர் பணத்தோடு பேச வருகிறார்கள் என்பதும் நடைமுறை. 420 கோர்ட் அனுமதியோடு சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றம். அதனால் பேசி முடிப்பதாக இருந்தால் கோர்ட் வழியாக முடியுங்கள், வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டு "வாபஸ்" கொடுத்துவிடாதீர்கள்.

குரோம்பேட்டைக்காரன்:
நன்றி சார், நன்றி அக்கா. பவர் பத்திரம் எதுவும் காட்டவில்லை, ஆனால் "பவர் எங்கிட்டதான் இருக்கு, கவலைப்படாதீங்க" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் இருக்கிறது. ஸ்டேஷனில் மறுபடியும் வாங்க மறுத்தால்?

செங்கை வக்கீல்:
அந்த வாய்ஸ் மெசேஜ் போதும் ஆரம்பிக்க. மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகார் வாங்கியதற்கு ஸ்டேஷன் தரும் சீட்டு) கேளுங்கள். தரவில்லை என்றால் அதே மனுவைக் கமிஷனருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி அந்தச் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் விசாரிக்கச் சொல்லி போலீஸுக்கு உத்தரவிடக் கேட்டு மாஜிஸ்திரேட்டிடம் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 175(3) மனு, பிரமாணப் பத்திரத்தோடு. முன்பு 156(3) என்று சொல்வார்களே, அதுதான். அந்த ஓனர் பெரியவரிடம் சண்டை போடாதீர்கள், அவரும் ஏமாந்தவர் என்றால் உங்களுக்கு முதல் சாட்சியே அவர்தான்.