நவூருவுக்குத் தலைநகரே கிடையாது ஐயா!

கடல்மணி:
பொது அறிவுப் பகுதியில் நேற்று வரைபடவாத்தியார் போட்ட பதிவு: "நவூரு. பசிபிக் தீவு நாடு. பரப்பு 21 சதுர கி.மீ. உலகின் மிகச் சிறிய குடியரசு. தலைநகர் யாரென்." கீழே வரிசையாக "நன்றி ஐயா", "பயனுள்ள தகவல் ஐயா". ஒருத்தருக்குமா தெரியவில்லை? நவூருவுக்குத் தலைநகர் கிடையாது. சட்டப்படி அப்படி ஓர் ஊரே இல்லை. இருப்பது 14 மாவட்டங்கள், அதில் யாரென் ஒன்று. அவ்வளவுதான். பிள்ளைகள் படித்துவிட்டுப் பரீட்சை எழுதப் போகும் இடத்தில் இப்படியா கதை விடுவது?

வரைபடவாத்தியார்:
தம்பி, 31 வருடம் புவியியல் நடத்தியவன் நான். நாடாளுமன்றம் யாரெனில். அரசு அலுவலகங்கள் யாரெனில். விமான நிலையம் யாரெனில். இதற்கு மேல் ஒரு தலைநகருக்கு என்ன முளைக்க வேண்டும், கொம்பா?

சுண்டல்:
நாடாளுமன்றம் யாரெனில்... விமான நிலையம் யாரெனில்... யார் எனில்? யாருன்னு சொல்லுங்க சார், தலை சுற்றுது.

கடல்மணி:
வாத்தியாரே, அலுவலகம் இருக்கிற இடமெல்லாம் தலைநகர் ஆகாது. சிஐஏ உலகத் தகவல் நூலைப் பாருங்கள். அதிகாரப்பூர்வத் தலைநகர் இல்லை, அரசு அலுவலகங்கள் யாரென் மாவட்டத்தில் உள்ளன என்றுதான் போட்டிருக்கிறான். நான் புத்தகம் பார்த்து மட்டும் பேசவில்லை. 1994இல் உரத்துக்கான பாஸ்பேட் கல் ஏற்றப் போன கப்பலில் மூன்றாம் இன்ஜினியர். அங்கே அப்போது துறைமுகம் கிடையாது. கரையை ஒட்டியே கடல் கிடுகிடுவென்று ஆழமாகிவிடும், நங்கூரம் போட முடியாது. மிதவைகளில் கப்பலைக் கட்டி நிறுத்துவார்கள். பவளத்திட்டைத் தாண்டி நீளும் இரண்டு இரும்புக் கைகள், அதன் வழியாகத்தான் பாஸ்பேட் வந்து கொட்டும். அலை கொஞ்சம் எழும்பினால் கயிற்றை அவிழ்த்துவிட்டு வெளிக்கடலில் நாள் கணக்கில் மிதக்க வேண்டியதுதான். இதெல்லாம் நடக்கும் இடம் ஐவோ. யாரென் இல்லை. நாங்கள் இருந்த நாட்களில் "தலைநகருக்குப் போய்வருகிறேன்" என்று ஒரு நவூருக்காரர்கூடச் சொல்லிக் கேட்டதில்லை.

வரைபடவாத்தியார்:
சரி, எத்தனை நாள் கரையில் இருந்தீர்கள்?

கடல்மணி:
அது இங்கே சம்பந்தமில்லாத கேள்வி.

சுண்டல்:
புரிந்துவிட்டது. மூன்றாம் இன்ஜினியர் இன்ஜின் ரூமிலிருந்து தலைநகரைத் தேடியிருக்கிறார்.

கடல்மணி:
ஒரு பகல் முழுக்கக் கரையில் இருந்தேன். போதுமா? தீவைச் சுற்றும் சாலையே சுமார் 19 கி.மீ.தான். ஒரு பகலில் இரண்டு தடவை சுற்றிவிட்டு நடுவில் தூங்கவும் செய்யலாம். யாரெனில் நான் பார்த்தது ஓடுபாதையும் சில கட்டடங்களும். விமானம் இறங்கும்போது பக்கத்துச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், நம் ஊர் ரயில்வே கேட் மாதிரி. ஆயிரம் பேர்கூட இல்லாத இடம். தலைநகராம்!

நிலாமதி:
தலைநகர் என்றால் என்ன என்று முதலில் இருவரும் சொல்லிவிடுங்களேன். சட்டத்தில் எழுதியிருக்க வேண்டுமா, அரசு இயங்கினால் போதுமா? அது தெரிந்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். அதைவிட, அந்தப் பதிவில் பெரிய தப்பு வேறு இருக்கிறது. "முக்கிய வருமானம்: பாஸ்பேட்" என்று ஒரே வரி. அது பழைய கதை ஐயா. 1907இல் தொடங்கிய ஏற்றுமதி. தீவின் ஐந்தில் நான்கு பங்கைத் தோண்டித் தீர்த்தாயிற்று. நடுமேட்டில் இன்று நிற்பது வெறும் சுண்ணாம்புப்பாறை முட்கள்தான். இப்போது பிழைப்பு ஓடுவது சூரை மீன் பிடிக்க வெளிநாட்டுக் கப்பல்கள் கட்டும் உரிமக் கட்டணத்திலும், அங்கே வைத்திருக்கும் அகதி முகாமுக்காக ஆஸ்திரேலியா தரும் பணத்திலும். நாணயமே ஆஸ்திரேலிய டாலர்தான்.

வரைபடவாத்தியார்:
அம்மா, பாஸ்பேட்டைத் தப்பு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வரலாற்று முக்கியத்துவம் கருதிப் போட்டது. யாரென் தலைநகர்தான்.

கடல்மணி:
ஒப்புக்கொள்ள மாட்டார். துவாலு நாட்டைப் பற்றிய திரியிலேயே பார்த்தோமே.

வரைபடவாத்தியார்:
துவாலுவை ஏன் இழுக்கிறீர்கள்? ".டிவி" என்ற தன் இணைய முகவரிப் பெயரைத் துவாலு விற்றுவிட்டது என்று எழுதியவர் நீங்கள். விற்கவில்லை, குத்தகை மாதிரி உரிமம்தான் கொடுத்தது என்று நான் சொன்னேன். நான் சொன்னதுதான் சரி. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை, தம்பி.

கடல்மணி:
முதலில் தம்பி என்று கூப்பிடுவதை நிறுத்துங்கள். எனக்கு 58 வயது, பேத்தி பள்ளிக்கூடம் போகிறாள்.

வரைபடவாத்தியார்:
எனக்கு 71. தம்பிதான்.

மலர்விழி:
ஐயா, நான் குரூப் 4க்குப் படிக்கிறேன். நவூருவின் தலைநகர் என்று கேள்வி வந்தால் எதை எழுதுவது?

பாரி:
பாஸ்பேட் என்பது பறவை எச்சம்தானே? ஒரு நாடே பறவை எச்சத்தை விற்றுப் பணக்காரன் ஆனது என்று படித்துச் சிரித்திருக்கிறேன்.

கடல்மணி:
அதுவும் அரைகுறை. எச்சம் மட்டும்தானா, கடலடியில் உருவானதா என்று புவியியலாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்தக் கல் கிடைத்த கதை தெரியுமா? சிட்னியில் ஒரு கம்பெனி அலுவலகத்தில் கதவுக்கு முட்டுக்கொடுக்க ஒரு கல் கிடந்தது, நவூருவிலிருந்து வந்தது. மரம் கல்லாகிப் போனது என்று நினைத்திருந்தார்கள். ஆல்பர்ட் எல்லிஸ் என்பவர் அதைச் சோதித்தார், உயர்தரப் பாஸ்பேட். கதவு முட்டுக் கல்லில் ஆரம்பித்தது மொத்தத் தோண்டலும். ஜெர்மன்காரன், பிறகு ஆஸ்திரேலியா, பிரிட்டன், நியூசிலாந்து சேர்ந்து சுரண்டல். நடுவில் ஜப்பான்காரன் வந்து 1,200 பேரைத் துருக் தீவுக்கு நாடு கடத்தினான். உயிரோடு திரும்பியவர்கள் 737 பேர், 1946 ஜனவரி 31இல். அதனால்தான் 1968இல் விடுதலைக்கும் அதே ஜனவரி 31ஐத் தேர்ந்தெடுத்தார்கள். இவ்வளவு யோசித்து நாள் குறித்தவர்கள், தலைநகர் வேண்டுமென்றால் அரசியலமைப்பில் ஒரு வரி எழுதியிருக்க மாட்டார்களா? எழுதவில்லை. ஏன்? தலைநகர் கிடையாது.

சுண்டல்:
நல்லாத்தான் போய்க்கிட்டிருந்தது. கடைசியில் எல்லா ரோடும் யாரெனுக்கே வருது. 19 கி.மீ. சுற்றுச்சாலை ஆச்சே!

வரைபடவாத்தியார்:
சுவிட்சர்லாந்துக்கும் சட்டப்படி தலைநகர் இல்லை. பெர்ன் வெறும் "கூட்டாட்சி நகரம்". அதற்காகப் பெர்னைத் தலைநகர் என்று சொல்லாமல் விட்டோமா? கப்பலில் போனால் உலகம் தெரிந்துவிடாது.

கடல்மணி:
பெர்ன் நகரம். யாரெனில் நகரம் எங்கே? நவூருவில் நகரம் என்ற ஒன்றே கிடையாது. நகரமே இல்லாத நாட்டுக்குத் தலைநகர் எங்கிருந்து வரும்? தலை இருக்கிறது, நகர் இல்லை.

நிலாமதி:
தலையும் அடிக்கடி மாறும். நாடாளுமன்றத்தில் மொத்தம் 19 பேர், கட்சி என்று பெரிதாக எதுவுமில்லை. அவர்களே கூடி அதிபரைத் தேர்ந்தெடுப்பார்கள், அவர்களே கவிழ்ப்பார்கள். ஓட்டு முறை விசித்திரமானது. முதல் விருப்பத்துக்கு 1, இரண்டாவதுக்கு அரை, மூன்றாவதுக்கு மூன்றில் ஒன்று என்று கூட்டுவார்கள். இதைப் பற்றி யாராவது பேசலாமே? நவூரு அரசு மெல்பர்னில் 52 மாடிக் கட்டடம் கட்டிக் கடைசியில் விற்றது, லண்டனில் டா வின்சி பற்றி ஓர் இசைநாடகத்துக்குப் பணம் போட்டு அது சில வாரங்களில் மூடியது என்று எவ்வளவோ இருக்கிறது.

கடல்மணி:
பேசலாம் அம்மா. அந்த நாடாளுமன்றம் இருக்கும் இடம் தலைநகர் இல்லை என்பதை வாத்தியார் ஒத்துக்கொண்டதும் பேசலாம்.

வல்வையூரான்:
உங்களுக்கு இது பொது அறிவு விளையாட்டு. எங்கட சனத்துக்கு நவூரு என்றால் வேற ஞாபகம். 2014இல் புதுச்சேரியிலிருந்து படகில் வெளிக்கிட்ட 157 தமிழரை ஆஸ்திரேலியா நடுக்கடலில் பிடித்து, ஒரு மாதமளவில் கப்பலுக்குள்ளேயே வைத்திருந்து, கடைசியில் நவூருவுக்கு அனுப்பினது. அதில் சின்னப் பிள்ளைகளும் இருந்தவை. அதைப் பற்றி ஒரு வரி இல்லை, தலைநகருக்கு இவ்வளவு சண்டை.

கடல்மணி:
வருத்தமான விஷயம்தான் ஐயா. மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கவனித்தீர்களா, முகாம் இருந்ததும் நடுமேட்டில், யாரெனில் இல்லை.

வல்வையூரான்:
நல்லா இருங்கோ. நான் வாறன்.

நிலாமதி:
கடல்மணி சார், இது கொஞ்சம் அதிகம்.

கடல்மணி:
நான் என்ன தப்பாகச் சொன்னேன்? தகவல்தானே சொன்னேன்.

வரைபடவாத்தியார்:
கடைசியாகச் சொல்கிறேன். நாடாளுமன்றம் எங்கே இருக்கிறது? ஒரே வார்த்தையில் பதில்.

கடல்மணி:
நாடாளுமன்றம் யாரென் மாவட்டத்தில் இருக்கிறது. தலைநகர் கிடையாது.

வரைபடவாத்தியார்:
அப்படிப் போடுங்கள்! ஒப்புக்கொண்டார். எல்லோரும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடல்மணி:
எதை ஒப்புக்கொண்டேன்? முழு வரியையும் படியுங்கள். 31 வருடம் இப்படித்தான் பாதி வரி படித்து நடத்தினீர்களா?

மட்டுறுத்துனர்:
தனிமனிதத் தாக்குதல் வேண்டாம். இரண்டாவது எச்சரிக்கை. துவாலு திரியைப் பூட்டியதுபோல இதையும் பூட்ட வைக்காதீர்கள்.

கடல்மணி:
தம்பி என்று கூப்பிடுவது தாக்குதல் இல்லையாம். நான் கேட்டால் தாக்குதலாம். நல்ல நீதி.

மலர்விழி:
ஐயா, நவூரு விடை யாரும் சொல்லவில்லை. பரவாயில்லை. பலாவ் தலைநகர் கொரோர்தானே? வாத்தியார் ஐயா பட்டியலில் அப்படித்தான் இருக்கிறது.

கடல்மணி:
கொரோரா?! 2006லேயே இங்கெருல்முட்டுக்கு மாற்றிவிட்டார்கள் அம்மா! வாத்தியாரே, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

வரைபடவாத்தியார்:
பட்டியல் 2005இல் தயாரித்தது, தம்பி.